பிடரிக்குப் பின்னால் ஒரு கை

ஏரியின் அடியில் ஆறாவது மூச்சை இழுத்தேன். காற்று வரவில்லை.

ஆழம் இரண்டு ஆள் உயரம்தான். முங்கிப் பிழைக்கிறவனுக்கு அதெல்லாம் ஓர் ஆழமா? ஆனால் இடுப்பில் ஈயக்கட்டி. மூழ்கிப்போன படகு மோட்டாரில் கட்டியிருந்த கயிறு வேறு காலைச் சுற்றிக்கொண்டது. உதறினேன். சேறு கிளம்பிக் கண்ணை மறைத்தது.

அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து மருமகன் வந்தான்.

"மெதுவா எறங்குங்க மாமா, மோட்டார் எங்கயும் ஓடிடாது" என்று சற்று முன்னால் கரையில் சிரித்தவன். என் மகளைக் கட்டிப் பதினோரு வருடம். அந்தச் சிரிப்பை ஒருநாளும் நான் நம்பியதில்லை.

நேராக என் பிடரிக்குக் கையை நீட்டினான். முதுகில் கட்டிய காற்றுச் சிலிண்டரின் திருகு அங்கேதான் இருக்கிறது.

காற்றை மூடியவன் இவன்தான். மிச்சத்தையும் முடிக்க வருகிறான்.

கயிறு அறுக்க வைத்திருந்த கத்தியை உருவினேன். கயிற்றை அறுக்கவில்லை.

விலாவில் ஒரு குத்து. கை விலகவில்லை. அதே இடத்தில் இன்னொன்று. அவன் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தேன். அதை என் வாயில் வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கண்ணாடி நொறுங்க அவன் மூஞ்சியில் முட்டினேன். சேற்றுத் தண்ணீரில் ரத்தம் கறுப்பாகத்தான் தெரிகிறது.

அவன் கை மட்டும் என் பிடரியில் திருகிக்கொண்டே இருந்தது.

திடீரென்று என் வாயில் காற்று அடித்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கை நழுவியது.

கயிற்றை அறுத்து, அவனைத் தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் உள்ளே தைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. மகளின் முழங்கை வரைக்கும் அவன் ரத்தம்.

"போலீஸ்காரர் கேக்குறாரு. சிலிண்டரை மூடுனது யாருப்பா?"

காலையில் அவன் திறந்துதான் கொடுத்தான். யார் திறந்து கொடுத்தாலும், கையைப் பின்னால் விட்டு நானே ஒருதரம் திருகினால்தான் எனக்கு மனசு ஆறும். கை முதுகுப் பக்கம் போனால் எந்தப் பக்கம் திறப்பது, எந்தப் பக்கம் மூடுவது என்று சில நாள் பிடிபடாது.

அன்றைக்கு இறுக்கித் திருகியிருந்தேன்.

"உன் புருஷன்தான்" என்றேன்.