சிட்டுவைக் காணவில்லை

“மேலே ‘காணவில்லை’ன்னு பெருசா போடுங்க. போற வர்றவங்க கண்ணுல படணும்.” மெக்கானிக்கின் குரல் தழுதழுத்தது.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “பேரு என்னங்க?”

“சிட்டு. மூணு வயசு. இடிச் சத்தம் கேட்டா வெடவெடன்னு நடுங்கும். யார் கூப்பிட்டாலும் நம்பிப் பின்னாலேயே போயிடும்.”

“அடக் கடவுளே! போலீசுக்குப் போனீங்களா?”

“போனேன். சிரிக்கிறாங்க.”

“இதுல என்னய்யா சிரிப்பு அவனுங்களுக்கு?” கொதித்துப்போய்ப் போட்டோவை வாங்கிய கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். நாக்கைத் தொங்கப் போட்டபடி பார்த்தது ஒரு பழுப்பு நாய்.

“உங்களுக்கு அது நாய். எங்க பாப்பாவுக்கு உசிரு. நேத்து கேட்டைச் சாத்த மறந்த பாவி நான்தான். ராத்திரி பூரா அழுதிருக்கா. ஒரு வாய் சாப்பிடல.”

வாசலில் நின்ற மகள் மூக்கை உறிஞ்சினாள்.

அச்சடித்த நோட்டீஸ் கட்டும் பசை வாளியுமாக, மகளையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக் தெருத் தெருவாக அலைந்தான். ஒரு சுவரையும் விடவில்லை. பஸ் நிலையத்தில் மகளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கம்பத்தில் எட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது பழ வண்டிக்காரர் அருகில் வந்து பார்த்தார்.

“இந்த நாயா? இப்பத்தானே ரயில்வே கேட் பக்கம் ஓடுச்சு!”

வாளி ஒரு பக்கம், நோட்டீஸ் ஒரு பக்கம். மெக்கானிக் தலைதெறிக்க ஓடினான்.

“சிட்டு! டேய் சிட்டு!” தண்டவாளத்தைத் தாண்டினான். சந்து பொந்தெல்லாம் நுழைந்தான். ஜல்லியில் விழுந்து முழங்கால் கிழிந்தது, துடைக்கக்கூட நிற்கவில்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு பழுப்பு வால் தெரிந்தது. மூச்சிரைக்க எட்டிப் பிடித்தான். வேறு நாய். பல்லைக் காட்டி உறுமியது.

நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பித்துப் பிடித்தவன் போல மறுபடி ஓடி, அடுத்த ஊருக்குப் போகும் சாலைக்கே வந்துவிட்டான்.

செல்போன் அடித்தது. மனைவி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே புரியவில்லை.

“ஏங்க, சிட்டு வந்துடுச்சுங்க! தானாவே வந்து வாசல்ல நிக்குது!”

மெக்கானிக் நடுரோட்டிலேயே மண்டியிட்டான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “அப்பாடா! பொழைச்சேன்டி!”

“பாப்பாகிட்ட போனைக் குடுங்க.”