கியோட்டோவுக்குப் போ

"நல்லவேளை, நீ வரல. வந்திருந்தா எனக்குக் கெட்ட கோபம் வந்திருக்கும்" என்றாள் ஜெயபாரதி. பெற்ற மகளிடம் பேசுகிற பேச்சா இது?

மகள் சம்யுக்தா ஜப்பானில் படிக்கிறாள். லீவுக்குக் கியோட்டோ என்ற பழைய ஊரைச் சுற்றிப் பார்க்கிறாள். இங்கே ஷார்ஜா முவைலாவில், ஒரு நாற்காலிகூட மிச்சமில்லாத ஃப்ளாட்டின் தரையில், பெற்றவர்கள் இருவரும் ஸ்பீக்கரில் போட்ட செல்போனுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பாஸ்கருக்கு வேலை போய்விட்டது. 2009-ல் துபாயில் பாதிக் கட்டடங்கள் அப்படியே நின்றபோது, கூடவே நின்றுபோன சம்பளங்களில் அவருடையதும் ஒன்று. விசா ரத்து. இன்று இரவு திருச்சிக்கு விமானம். இது மகளுக்கு மட்டும் தெரியாது.

தெரிந்தால் படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வருவாள். போன வருஷம் அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் என்றதற்கே பரீட்சை எழுதாமல் விமானம் ஏறியவள் அவள். இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. அது முடியும்வரை மூச்சு விடக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

பாவம், கியோட்டோவைப் பார்க்க வேண்டும் என்று முதல் வருஷத்திலிருந்தே அவளுக்கு ஆசை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் ஷார்ஜா விசா போய்விடும் என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு லீவுக்கும் ஜெயபாரதி அவளை இங்கே இழுத்துவிடுவாள். இந்த முறைதான், "கியோட்டோவுக்குப் போ, நல்லா சுத்திப் பாரு" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தாள்.

"இப்ப எங்கம்மா இருக்கே?" பாஸ்கர் கியோட்டோ வரைபடத்தைத் தரையில் விரித்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"மலை மேல ஒரு கோயில்பா. சிவப்புச் சிவப்பா வாசலா வரிசையா நிக்குது. அதுக்குள்ள நுழைஞ்சு படி ஏறிக்கிட்டே இருக்கேன்." சம்யுக்தாவுக்கு மூச்சு வாங்கியது.

"என்னமோ தண்ணி சத்தம் கேக்குதே?"

"கை கழுவுற தொட்டிப்பா. இங்க கழுவிட்டுத்தான் சாமி கிட்ட போகணும்."

"அங்க சாயங்காலம் ஆகியிருக்குமே. குளிருமே, ஸ்வெட்டர் போட்டிருக்கியா?" என்றாள் ஜெயபாரதி.

"ஸ்வெட்டரா? வேர்த்துக் கொட்டுதும்மா!"

"அத்தனை படி ஏறினா வேர்க்காம என்ன செய்யும்?" என்று பாஸ்கரே மகளுக்காகப் பதில் சொன்னார்.

"அதிருக்கட்டும், ஏன்மா உங்க ரெண்டு பேர் குரலும் எதிரொலிக்குது?"

ஜெயபாரதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலி வீடு காட்டிக் கொடுக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. "கார்ப்பெட்டைச் சலவைக்குப் போட்டிருக்கேன்டி" என்று சமாளித்தாள்.

அந்த நேரம் பார்த்தா ஃப்ரிட்ஜை எடுக்க ஆள் வர வேண்டும்? "யல்லா பாய், ஜல்தி!" என்று ஒருவன் அவசரப்படுத்திக் கத்த, இன்னொருவன் ஃப்ரிட்ஜைச் சுவரில் இடித்தான். பாஸ்கர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக் காட்டினார். அவர்கள் ஒன்றும் புரியாமல் சிரித்தார்கள்.

"அது யாருப்பா?"

"பக்கத்து வீட்டுக்கு ஏதோ சாமான் வருது."

அதில் பாதி உண்மை. ஃப்ரிட்ஜை வாங்கியதே பக்கத்து வீட்டு ஹாலிதாதான். ஆட்களின் பின்னாலேயே வந்த அவள், "அக்கா, எத்தனை மணிக்கு ஏர்போர்ட்..." என்று ஆரம்பித்தாள். ஜெயபாரதி பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினாள். மூவரும் போனையே பார்த்தார்கள்.

போனில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கவா?" என்றாள் சம்யுக்தா. "ஒவ்வொரு லீவுக்கும் ஆறு மாசம், ஆறு மாசம்னு என் உயிரை எடுப்பியே. இந்தத் தடவை ஏன் விசான்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லல?"

ஜெயபாரதி தலையில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு பொய்யையும் யோசித்து வைத்தவர்கள், வழக்கமான சண்டையைப் போட மறந்துவிட்டார்கள்.

"எனக்கு அப்பவே சந்தேகம். ஹாலிதா ஆன்ட்டிக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

ஹாலிதா சட்டென்று கூரையை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஒரு விளக்குகூட இல்லை.

பாஸ்கருக்குக் கண் கலங்கிவிட்டது. "படிப்பை மட்டும் விட்டுடாதம்மா. அதுக்காகத்தான்..."

"விட மாட்டேன்பா. லீவு முடிஞ்சதும் கிளாஸ்ல போய் உக்காந்துடுவேன். கியோட்டோ எங்கயும் ஓடிடாது, அடுத்த வருஷமும் அங்கயேதான் இருக்கும்."

'அடுத்த வருஷமும் அங்கயேதான் இருக்கும்' என்றால் என்ன அர்த்தம்? ஜெயபாரதி போனைக் கையில் எடுத்தாள். "ஏய், அப்ப நீ கோயில்ல இல்லையா? எங்கடி இருக்கே?"

"நம்ம திருச்சி வீட்டைக் கழுவி விட்டிருக்கேம்மா, நாளைக்கு வரும்போது ரெண்டு பேரும் காலைத் துடைச்சுட்டு உள்ள வாங்க."