ஆட்சேபணை இல்லை

தொழிற்பேட்டையைப் பெரிதாக்க, ஆரம்பாக்கத்து மேய்ச்சல் புறம்போக்கை அளக்க வந்திருந்தார் சர்வேயர் லோகநாதன். சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போனான் உள்ளூர் அப்பாவு.

வேப்பமரத்தருகே மட்டும் அவன் சுற்றிக்கொண்டு போனான்.

“நேரா போய்யா, சங்கிலி வளையுது.”

“முள்ளு சார்.”

லோகநாதன் கண்ணுக்கு முள் எதுவும் தெரியவில்லை.

அளந்து முடித்ததும், நிலத்தை எடுத்தால் யாருக்குப் பாதிப்பு என்று கேட்கும் படிவத்தை நிரப்பினார்.

“கோயில் எதுனா இருக்கா?”

“இல்ல சார்.”

“சுடுகாடு?”

அப்பாவு வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தான். “அது ஏரிக்கு அந்தாண்ட சார்.”

‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“சார், ஃபேக்டரி வந்தா எனக்கு ஒரு வேலை சொல்லி வைங்க.”

“அதான் காலையிலேர்ந்து விழுந்து விழுந்து உதவி பண்றியா? மிஷின் வேலையா?”

“வாட்ச்மேன் சார். இந்த மரத்தாண்ட.”

“கேட்ல நின்னா நாலு பேரு சலாம் போடுவான். இந்த மூலையில உன்ன எவன்யா பாப்பான்?” என்று சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அப்பாவு வீடு திரும்பியதும் வாசலிலேயே அவன் மனைவி செங்கம்மாள் கேட்டாள். “இன்னாய்யா, சொன்னியா?”

“சுடுகாடு கீதான்னுதான் கேட்டாரு. பால்குடி மறக்காத புள்ளைங்கள எங்க பொதைக்கிறீங்கன்னு கேக்கல.”

“நீயா சொல்றதுதானே?”

“அந்தக் குழிங்க மேல கல்லு நடக் கூடாதுன்னு ஊரு வழக்கம். இன்னாத்தக் காட்டிச் சொல்றது?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அழுவாத. நம்ம புள்ள தலைமாட்டுல நிக்கிற வேலையத்தான் கேட்டுக்கினு வந்துகீறேன்.”