நாலு நிமிஷம்

"இது பட்டப்பகல் கொள்ளை!"

மேனேஜர் போட்ட சத்தத்தில், மூன்று மேசை தள்ளி இருந்த டெஸ்டர் நாற்காலியோடு உருண்டு வந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

நகரப் பேருந்துகளின் நேரத்தைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் அது. பஸ்ஸெல்லாம் தாமதம் என்று புகார் குவியவே, எங்கே நேரம் வீணாகிறதென்று பார்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. புதிதாக வந்த மேனேஜர் தானே புரோகிராம் வரிகளுக்குள் இறங்கிவிட்டார்.

"இங்க பாருங்க. பதினேழாம் நம்பர் பஸ், ஒவ்வொரு நடைக்கும் தண்ணித்தொட்டி ஸ்டாப்ல நாலு நிமிஷம் சும்மா நிக்கணுமாம். எழுதினது யாரு? உங்க நம்பரக்கா! அந்த ஸ்டாப் எங்க இருக்கு? அவங்க வீட்டு வாசல்ல!"

டெஸ்டர் தலையைச் சொறிந்தார்.

நம்பரக்கா அங்கே மூத்த புரோகிராமர். யார் ஒரு வரி மாற்றினாலும், "யார் கேட்டது இது? அந்தத் தேவைக்கு நம்பர் என்ன?" என்று குடைந்து, பதிவேட்டில் அதற்குள்ள நம்பரை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுத வைக்காமல் விடமாட்டார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். மகளுக்குப் பிரசவம் என்று இப்போது வெளியூர் போயிருந்தார்.

"ஊரையெல்லாம் நம்பர் கேட்டு வறுத்துட்டு, இவங்க மட்டும் சொகுசா ஏற பஸ்ஸையே நிறுத்தி வச்சிருக்காங்க. இப்பவே தூக்கறேன்."

"இருங்க சார். இந்த வரிக்கும் நம்பர் இருக்கே. என்னன்னு பார்த்துட்டுத் தூக்குவோம்."

"வெட்டி வேலை" என்று முனகிக்கொண்டே மேனேஜர் அந்த நம்பரைத் தட்டினார்.

திரையில் வந்தது: 'ஓட்டுநருக்கு வழியில் சிறு இடைவேளை. கேட்டவர்கள்: பெண் ஓட்டுநர்கள். இடம்: தண்ணித்தொட்டி நிறுத்தம்.'

அதற்குக் கீழே, புரோகிராமில் அதே நம்பரோடு கட்டிய இன்னொரு பகுதியும் தெரிந்தது. டெஸ்டர் விசிலடித்தார்.

"தப்பிச்சோம் சார்! தாமத அபராதக் கணக்கும் இதை நம்பித்தான் ஓடுது. இங்க மட்டும் தூக்கியிருந்தா, அங்க நின்ன ஒவ்வொரு டிரைவருக்கும் தாமதம்னு சம்பளத்துல பிடிச்சிருக்கும். நாளைக்கு டிப்போவே திரண்டு நம்ம வாசலுக்கு வந்திருக்கும்!"

மேனேஜர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இடைவேளை சரி. அது ஏன் இவங்க வீட்டு வாசல்ல?"

"யார் கேட்டாங்கன்னுதான் போட்டிருக்கே. அவங்களையே கேட்டுடுங்க."

கேட்டுவிடுவது என்று அன்று சாயங்காலமே பதினேழாம் நம்பரில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தார் மேனேஜர்.

தண்ணித்தொட்டி ஸ்டாப் வந்தது. டிரைவரம்மா இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்து இறங்கி, நேரே நம்பரக்கா வீட்டுக்கு நடந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. அவர் பாட்டுக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளில்லாத வீட்டுக்குள்ளே! பஸ்ஸில் இருந்த யாரும் அலட்டிக்கொள்ளவே இல்லை.

ஈரக் கையை உதறிக்கொண்டு திரும்பியவரிடம் பாய்ந்தார்.

"ஏம்மா, அது யார் வீடு? சாவி எப்படி உங்ககிட்ட வந்தது?"

டிரைவரம்மா சிரித்தார்.

"பஸ்ஸுக்கு நேரம் போட்டுக் குடுக்கற கம்ப்யூட்டர் அக்கா வீடு சார். 'உங்களுக்கு என்ன வேணும்?'னு எங்களைக் கேட்டு எழுதிக்க ஒருநாள் டிப்போவுக்கு வந்தாங்க. இந்த ரூட்டு முழுக்க ஒரு கழிப்பறை கிடையாது, பொம்பளைங்க நாங்க தண்ணிகூடக் குடிக்காம ஓட்டறோம்னு சொன்னோம். 'நேரத்தை நான் ஒதுக்கிடுவேன், இடத்துக்கு எங்கம்மா போறது?'ன்னு கவலையா எழுந்து போனாங்க."

இன்ஜின் உறுமியது.

"மறுநாள் வந்து, தன் வீட்டு பாத்ரூமுக்கு எங்களுக்கு ஆளுக்கொரு சாவி போட்டுக் குடுத்துட்டாங்க!"