இரண்டு சிம்

“மறுபடியும் எதுக்கு வண்டிய நிறுத்துறீங்க?”

சிவசங்கர் சாவியைத் திருகி வண்டியை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி பைக் கண்ணாடியில் மாட்டினான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

பின் சீட்டில் டென்ட் மூட்டையில் சாய்ந்திருந்த சுபஸ்ரீக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அணைக்கட்டுல ஒரு தடவ. செக்போஸ்ட்டுல ஒரு தடவ. இப்ப இந்த வளைவுல. மலையப் பாக்க வந்தமா, டவர் புடிக்க வந்தமா?”

“இரு சுபா.” திரையையே பார்த்தான். “ஒரு சிம்முல ஃபுல்லா காட்டுது. இன்னொண்ணுலதான் இல்ல. ம்ஹூம், சரிப்படாது. புடிச்சிக்க, போலாம்.”

“ஒண்ணு பத்தாதா உங்களுக்கு?”

“பத்தாது. ரெண்டும் ஒரே மாரி இருக்கணும்.”

கீழே கோமுகி அணையின் தண்ணீர் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கித் தெரிந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் போர் மோட்டார் எது நின்றாலும் முதலில் அடிப்பது மெக்கானிக் சிவசங்கரின் போன்தான். மோட்டார் ஓட்டும் மும்முனை கரண்ட் எப்போது வருகிறதோ, அப்போதெல்லாம் அடிக்கும். மூன்று வருடங்களுக்கு முன்னால், கல்யாண மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மணலூர்பேட்டையில் கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைச் சரிசெய்யப் போனவன் அவன். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்த ஒரு வேளைகூட போன் அடிக்காமல் முடிந்ததில்லை.

இந்த இரண்டு நாள்தான் முதல் பயணம். அவளுக்கு இது ஒரு பரீட்சையும்கூட.

திங்கட்கிழமை சேலத்தில் ஒரு லேபில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். சின்னசேலத்தில் ரயில் ஏறினால் தினமும் போய் வரலாம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவளுடைய தோள்பையில் நான்காக மடித்து ஒரு தாள் இருந்தது. சேலம் லேடீஸ் ஹாஸ்டலுக்கான விண்ணப்பம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்த இரண்டு நாளும் போனோடுதான் கழியும் என்றால், கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

வெள்ளிமலையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். முதல் வாய் உறிஞ்சுவதற்குள் போன் அடித்தது.

“சொல்லுங்க கந்தசாமி மாமா... இன்னா, போட்ட ஒடனே ட்ரிப் ஆவுதா? செவப்பு பட்டன அமுக்கிட்டு அஞ்சு நிமிசம் வுட்டுப் போடுங்க. அப்பவும் ஓடலன்னா கடைப் பையன் வீரமணிய அனுப்பறேன்...”

அவனுடைய டீயில் ஆடை கட்டியது. எறும்பு ஒன்றும் வந்து விழுந்தது.

“ஆஃப் பண்ணி வெச்சா இன்னா?” என்றாள், அவன் பேசி முடித்ததும். “ஊரு ரெண்டா பொளந்துடுமா?”

“பயிரு காயுதேன்னு ஒரு மனுசன் கூப்புடும்போது ஸ்விட்ச் ஆஃப்னு வந்தா, அவரு இன்னா நெனப்பாரு?”

“பொண்டாட்டி கூட இருக்கான்னு நெனச்சிக்கட்டும்!”

அவன் சிரித்தான். எழுந்து போய் டீக்கடை குஞ்சம்மாளிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டான். அந்த அம்மாளின் பதில் மட்டும்தான் சுபஸ்ரீ காதில் விழுந்தது.

“நீங்க கேக்கற மாரி எடமா? ஓடைய தாண்டி எறக்கத்துல எங்க மரவள்ளிக் கொல்ல இருக்குது தம்பி. தாராளமா போய்த் தங்கிக்குங்க. அடுப்புக் கல்லுகூட அங்கியே கெடக்குது.”

ஓடையைத் தாண்டி வண்டி நின்றது. மறுபடி போன் மேலே போனது. இந்த முறை அவன் முகம் மலர்ந்தது.

“இங்கதான்! எறங்கு சுபா. டென்ட் இங்கதான்.”

சுபஸ்ரீ தோள்பையோடு இறங்கினாள். ஆக, இரண்டிலும் ஃபுல்.

வெயில் சாய்வதற்குள் டென்ட் எழுந்தது. மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தான். சுள்ளிகள் ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம்.

“பையில காயிதம் எதுனா இருக்குதா?”

“இல்ல.”

அவள் தோள்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். உள்ளே பேனா தட்டுப்பட்டது. போன் அடிக்கட்டும். முதல் மணி அடித்ததும் அவன் எதிரிலேயே கையெழுத்துப் போடலாம்.

பத்து நிமிடம் போனது. இருபது போனது. பலாமரத்தில் ஏதோ ஒரு பறவை விட்டு விட்டுக் கூப்பிட்டது. அவன் மரவள்ளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு, அவள் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாட்டுக்கு ஆடினாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். இப்படியெல்லாம் அவன் கேட்டதே இல்லை.

அவளால் பொறுக்க முடியவில்லை.

“இன்னா, ஒருத்தரையும் காணோம்? மும்முனை வர்ற நேரமாச்சே!”

அவன் போனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். திரையின் மேல் ஓரத்தில் இரண்டு சிம்முக்கும் நேராக இரண்டு பெருக்கல் குறிகள்.

“ஆஃப் பண்ணா அது நானா பண்ணதாயிடும். எனக்குத் தூக்கம் வராது. பொய் சொன்னா கந்தசாமி மாமா கொரல வெச்சே கண்டுபுடிச்சிடுவாரு. வீரமணிகிட்ட கடைச் சாவியக் குடுத்துட்டு, கீழேந்து தேடிக்கினே வந்தேன் சுபா, ரெண்டுலயுமே டவர் இல்லாத எடமா.”

சுபஸ்ரீ போனைக் கீழே வைத்தாள். பையைத் திறந்தாள். நான்காக மடித்த தாளை எடுத்துச் சுள்ளிகளுக்கு அடியில் செருகினாள்.

“காயிதம் இல்லன்னியே?”

“இப்பதான் கெடச்சுது. பத்த வைங்க.”