படத்தின் பின்னால் ஒரு பெயர்

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவனும் நின்றான்.

மாலை போட்ட படத்தில் இருந்தது அவன் முகம்.

கீழே எழுதியிருந்தது கிளாரன்ஸ் மோத்தாவின் பெயர். பிறப்பு ஒரு பக்கம், இறப்பு ஒரு பக்கம். நடுவில் ஒரு சின்னக் கோடு.

இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்திருந்தார்கள். நாற்பதாவது நொடியில் மைக் இரைந்தது. முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் தனுஷ்கோடிக்கு அதற்குமேல் பேசாமல் இருந்து பழக்கமில்லை. உடன் படித்தவர்தான். மேடைப் பேனரில் கல்லூரிக் கட்டடத்தைவிட ஒரு சாண் உயரமாக நின்றார். பெயருக்கு முன்னால் டாக்டர். எதில் என்று யாரும் கேட்பதில்லை.

அவன் படத்தை மறுபடி பார்த்தான்.

சந்தேகமே இல்லை. பழைய துறைமுகத்துப் பாறை. கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம். இரவல் சட்டை. தலை கொள்ளாத முடி. வாய் கொள்ளாத சிரிப்பு.

அன்று இந்த ஊரில் வீசிய கருவாட்டு வாடைகூட அவனுக்கு எதிர்காலம்போல மணத்தது. மறுமாதம் வேலை தேடிக் கிளம்பினான். பிறகு அப்படி எதுவும் மணக்கவில்லை.

கேமரா கிளாரன்ஸுடையது. கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து கொடுத்தது. மூன்று வருடமும் வகுப்பையே படம் எடுத்துத் தள்ளியவன் கிளாரன்ஸ்தான். கேமரா வைத்திருப்பவன் எந்தப் படத்திலும் இருப்பதில்லை.

ஸ்டுடியோவில் ஃபிலிம் ரோலைக் கழுவக் கொடுத்தவன் பெயரைத்தான் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுவார்கள். அந்தக் காலத்தில் இது எல்லோருக்கும் தெரியும். டாக்டர் மறந்துவிட்டார். தன் பெட்டியில் கிடந்த பழைய படத்தைப் புரட்டியிருக்கிறார். பெயரைப் படித்திருக்கிறார். பெரிதாக்கிச் சட்டம் போட்டுவிட்டார்.

முகத்தை யார் பார்க்கிறார்கள்.

பக்கத்தில் பேச்சிமுத்து. மூன்று வருடம் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவன்.

"நல்ல மூஞ்சிடே கிளாரன்ஸுக்கு," என்றான். அவனைப் பார்த்தேதான் சொன்னான். "பாவம். சாப்பாடு எத்தன மணிக்காம்?"

அரங்கில் அறுபது பேர். ஒருவரையும் உறுத்தவில்லை.

அவன் கையைத் தூக்கினான்.

அதற்குள் கிளாரன்ஸின் மனைவியை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். கேடயம் கொடுத்தார்கள். இரண்டையும் நாற்காலியில் வைத்துவிட்டு அவள் படத்தின் முன்னால் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். யாரோ மைக்கை நீட்டினார்கள்.

"கல்யாணத்துக்கு முந்தி எடுத்த படம் ஒண்ணுகூட அவங்ககிட்ட இல்ல. எப்படி இருந்தாங்கன்னு பாக்கத்தான் வந்தேன். இத நான் கொண்டு போகட்டுமா?"

"தாராளமாக. காலம் உங்களுக்குத் திருப்பித் தரும் கருவூலம் அது," என்றார் டாக்டர்.

கைத்தட்டல்.

தூக்கிய கையால் அவன் வழுக்கையைத் தடவிக்கொண்டான்.

சொன்னால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் அவள் வீட்டுச் சுவரில் அவன் தொங்குவான். கிளாரன்ஸுக்கு ஏற்றும் மெழுகுவர்த்தி தினமும் அவன் முகத்துக்கு எரியும்.

ஐம்பத்து மூன்று வயதில் உண்மை சொல்வதற்கும் முழங்கால் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது. அறுபது பேரும் பிரியாணிக்கு வரிசையில் நின்றபோது அவன் படியிறங்கிப் போனான்.

சைக்கிள் நிறுத்துமிடமாக இருந்து இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட கொட்டகை. சிமெண்டுத் திட்டில் அவள் ஆட்டோவுக்காக உட்கார்ந்திருந்தாள். மாலையைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். மடியில் படம்.

"நீங்களும் அவங்க செட்டா?"

"ஒரே பெஞ்சு."

திட்டின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

"வீட்ல எல்லாரையும் சிரிக்க வைப்பாங்க. அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல," என்றாள். "இதுல மட்டும் எதுக்கு இப்படிச் சிரிக்காங்க?"

படியிறங்கும்போதே அவன் நான்கு வாக்கியங்களைத் தயார் செய்திருந்தான். நான்கும் டாக்டர் பேசுவதுபோலவே இருந்தன.

"எடுத்தவன் ஒண்ணு சொன்னான். அதுக்கு வந்த சிரிப்பு."

"என்ன சொன்னாங்க?"

"தள்ளி நில்லுல. பின்னால கடல் கெடக்கு..."

"அதாச்சும் படத்துல நல்லா விழட்டும்."

முடித்தது அவள். வீட்டில் அவளிடமும் கிளாரன்ஸ் இதையே சொல்லியிருக்க வேண்டும்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டதுபோல இருந்தது.

படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடி, வழுக்கை, தொங்கிய கன்னம் ஒவ்வொன்றையும் விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

அன்று அவனை அடையாளம் கண்டது ஒரே ஒருத்தி. அவனை முன்பின் பார்த்திராதவள்.

"மேடையிலயே சொல்லியிருக்கணும்," என்றான். "தப்பாப் போட்டுட்டாங்க."

படத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

அவள் தரவில்லை. சட்டத்தின் கண்ணாடியை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். சிரிக்கிற முகத்தின் கண் எங்கே பார்க்கிறது என்று குனிந்து பார்த்தாள்.

"இத எடுக்கையில அவங்க எவ்வளவு தூரத்துல நின்னாங்க?"

அவன் எழுந்தான். அவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்தான். ஓரடி. இன்னும் ஓரடி. யாருடைய காரிலோ முதுகு இடித்தது. சுற்றிக்கொண்டு மேலும் இரண்டு அடி வைத்தான். வெயில் விழுந்துகிடந்த இடத்தில் நின்றான்.

"இங்க."

அவள் நிமிர்ந்து அந்த இடத்தைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

அவன் கொஞ்சம் தள்ளி நின்றான்.