கழித்துப் போட்ட படங்கள்

செண்பகவல்லி கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, நெகட்டிவ்களை வெளிச்சப் பலகையில் பரப்பி, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியவற்றை ஒரு பக்கமும் வேண்டாதவற்றை மறுபக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தார் ஸ்டூடியோக்காரர் ஜெபராஜ். கல்யாணம், காதுகுத்து, கொடைக்கானல் என்று எல்லாவற்றிலும் எல்லோரும் இருந்தார்கள், அவள் கணவரைத் தவிர. கேமராவை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனசே வராது. அவர் போனபிறகு மாலை போடுவதற்கு ரேஷன் கார்டுப் படத்தைத்தான் பெரிதாக்க வேண்டியிருந்தது.

“இதையெல்லாம் ஏன் ஒதுக்கிட்டீங்க?”

“அது வேஸ்ட்டும்மா. புது ரோல் மாட்டினதும் ஃபிலிமை நகர்த்துறதுக்காகத் தரையப் பாத்து ரெண்டு தடவ அமுக்குவாங்க. அதுல விழுந்தது. யாரும் பிரிண்ட் போட மாட்டாங்க.”

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பாதி கறுத்துப்போன கட்டத்தில் இரண்டு பாதங்கள். கட்டைவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டாம் விரல். அடுத்த ரோலிலும் அதே பாதங்கள், கடற்கரை மணலில். அதற்கடுத்ததில் மொட்டைமாடியில். எல்லோரையும் சிரிக்கச் சொல்வதற்குச் சற்று முன்னால், ஒவ்வொரு தடவையும், அவர் இப்படித்தான் தலைகுனிந்து நின்றிருக்கிறார்.

“மத்தது மெதுவா ஆகட்டும். முதல்ல இத ஏத்தி, பிரிண்ட்டும் போட்டுக் குடுங்க.”

ஜெபராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். “எவ்வளவு பெருசாம்மா?”

“அவர் கால் எவ்வளவோ அவ்வளவு,” என்றாள் செண்பகவல்லி. “ஒம்பதாம் நம்பர் செருப்பு போடுவார்.”